பால் குடித்தால் வயிறு ஏன் பொருமுகிறது?



"சார், என் பிள்ளை தயிரும் மோரும் நன்றாகச் சாப்பிடுகிறான். ஒரு கிளாஸ் பாலைக் குடிக்கச் சொன்னால் மட்டும் வயிறு வலிக்கிறது என்கிறான். இது சாக்குத்தானே?"

தோட்டத்துத் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நம் நாட்டில் பள்ளிப் பால் திட்டம் 1983ல் தொடங்கியது. பாலைக் குடிக்க மறுத்ததற்காகத் திட்டு வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். பெற்றோர் பக்கமும் நியாயம் உண்டு. பால் நல்ல உணவு. அதை வேண்டாம் என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் பிள்ளை பொய் சொல்கிறானா என்று முடிவு கட்டுவதற்கு முன், அவன் குடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா நமக்குப் பாடம் சொல்லப்போகிறது.

பாலில் நாம் சீனி போடாவிட்டாலும் இயற்கையாகவே ஓர் இனிப்பு இருக்கிறது. அதுதான் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை. 250 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 12 கிராம் இருக்கும். மூன்று தேக்கரண்டிச் சீனியின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ், காலக்டோஸ் என்ற இரண்டு சிறு சர்க்கரைகள் கை கோத்து நிற்பதே லாக்டோஸ். கோத்த கையைப் பிரித்தால்தான் குடல் அதை உறிஞ்ச முடியும். பிரிப்பதற்கு ஒரு கத்தரி வேண்டும். அந்தக் கத்தரிக்கு நொதி என்று பெயர்.

நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றில் ஒன்று ஈ.கோலை. 1885ல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கண்டறிந்தார். இதில் சில வகைகள் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பெரும்பாலானவை தொல்லை இல்லாதவை. இந்தப் பாக்டீரியாவும் பால் சர்க்கரையைத் தின்னும். ஆனால் எப்போது தின்னும், எப்போது தொடாது என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது.

பாரிஸ் நகரில் ஜாக் மோனோ என்ற விஞ்ஞானி பாக்டீரியாக்களுக்கு இரண்டு வகைச் சர்க்கரையைக் கலந்து கொடுத்து, அவை பெருகுவதை அளந்து பார்த்தார். 1941ல் அந்த ஆய்வுக்காக டாக்டர் பட்டமும் பெற்றார். இரண்டையும் ஒன்றாகத் தின்று அவை ஒரே சீராகப் பெருகும் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது வேறு. குளுக்கோஸும் லாக்டோஸும் கலந்து கொடுத்தால், ஈ.கோலை முதலில் குளுக்கோஸை மட்டும் தின்று மளமளவென்று பெருகும். அது தீர்ந்ததும் பெருக்கம் நின்றுவிடும். சிறிது நேரம் சும்மா கிடக்கும். பிறகு லாக்டோஸைத் தின்னத் தொடங்கி மறுபடியும் பெருகும். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்து, இலை எடுத்து, இரண்டாம் பந்தி போடுவதுபோல!

அந்த இடைவெளி எதற்காக? நம் பெரியவர்களைக் கேட்டால் விளங்கும். மோனோ பட்டம் பெற்ற அதே 1941ன் டிசம்பரில்தான் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. ஜோகூர்த் தோட்டங்களில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைத்த கதையை நம் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். வீட்டில் அரிசி இருக்கும்வரை யாரும் கிழங்கு தோண்டப் போவதில்லை. அரிசி தீர்ந்த பிறகுதான் மண்வெட்டியைத் தேடுவோம். தேடி எடுத்து, தோண்டி, வேகவைக்க நேரம் ஆகும் அல்லவா? பாக்டீரியாவுக்கும் அப்படித்தான். குளுக்கோஸ் அதற்குச் சமைத்து வைத்த சோறு. லாக்டோஸைத் தின்ன வேண்டுமானால், அதை உள்ளே இழுக்கும் வாசலையும் வெட்டும் கத்தரியையும் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். அதற்கான நேரமே அந்த இடைவெளி.

கத்தரியை எப்போதும் தயாராக வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்வதற்குச் செலவு ஆகிறதே! தேவை இல்லாத நேரத்தில் ஒரு பாக்டீரியாவுக்குள் ஒரு சில கத்தரிகளே இருக்கும். தேவை வந்தால் ஆயிரக்கணக்கில் செய்துகொள்ளும். வீண்செலவு செய்யாத குடும்பம் அது.

இந்தக் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்பதை மோனோவும் பிரான்சுவா ஜாக்கோப் என்பவரும் 1961ல் விளக்கினார்கள். தோட்டத்து ஸ்டோருக்கு ஜாகா இருப்பதுபோல, கத்தரி செய்யும் குறிப்பு எழுதப்பட்டிருக்கும் மரபணுவின் வாசலில் ஒரு புரதம் காவல் நிற்கிறது. அது நிற்கும்வரை வேலை நடக்காது. லாக்டோஸ் வந்தால் அதில் சிறிதளவு உள்ளே போய், சற்றே உருமாறி, அந்தக் காவல் புரதத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். உடனே காவலின் பிடி தளர்ந்து வழி திறக்கும்.

அது மட்டும் போதாது. செல்லுக்குள் 'பசி' என்று அறிவிக்கும் ஒரு சிறு பொருளும் சேர வேண்டும். குளுக்கோஸ் தாராளமாக இருக்கும்போது அந்தப் பொருள் குறைந்துவிடும். போதாததற்கு, குளுக்கோஸ் உள்ளே வந்துகொண்டிருக்கையில் லாக்டோஸ் நுழையும் வாசலும் அடைபட்டுவிடும். இத்தனை பூட்டுகளைத் தாண்டித்தான் இரண்டாம் பந்தி! மோனோ, ஜாக்கோப், அவர்களுடன் ஆந்திரே லுவோஃப் ஆகிய மூவருக்கும் 1965ல் நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே அந்தக் காவல் புரதத்தை வால்ட்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

இனி நம் பிள்ளைக்கு வருவோம். தாய்ப்பால் குடிக்கும் வயதில் குழந்தையின் சிறுகுடலில் பால் சர்க்கரையை வெட்டும் நொதி நிறைய இருக்கும். பால் மறந்த பிறகு, உலகத்தில் பெரும்பாலோருக்கு அது படிப்படியாகக் குறைந்துவிடும். வட ஐரோப்பியர்களைப் போன்ற சில மக்களுக்குத்தான் பெரியவர்கள் ஆன பின்னும் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. மலேசியாவில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று இனத்தவரிடமும் நடத்தி 2006ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒவ்வோர் இனத்திலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பால் சர்க்கரையைச் சரியாகச் செரிக்க இயலாதவர்களாக இருந்தார்கள். இது நோய் அல்ல. உடம்பின் இயல்பு.

பாக்டீரியாவுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். லாக்டோஸைக் கண்டால் பாக்டீரியா கத்தரி செய்துகொள்ளும். நம் உடம்புக்கு அந்த வசதி இல்லை. 'குடிக்கக் குடிக்கப் பழகிவிடும்' என்று பிள்ளையை மிரட்டிக் கிளாஸ் கிளாஸாகக் கொடுத்தால், குறைந்துபோன நொதி திரும்பி வராது. வெட்டப்படாத லாக்டோஸ் நேராகப் பெருங்குடலுக்குப் போகும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் தங்கள் கத்தரிகளோடு விருந்து கொண்டாடும். அதில் வாயு கிளம்பும். செரிக்காத சர்க்கரை தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். வயிறு உப்பும், கடமுடவென்று சத்தம் போடும், வலிக்கும், சில நேரம் பேதியும் ஆகும். ஆகவே தாய்மார்களே, பிள்ளை சொல்லும் வயிற்று வலி உண்மையாகவே இருக்கலாம். அதற்காக அவனை அடிப்பது நியாயமா?

அப்படியானால் தயிர் மட்டும் ஏன் ஒத்துக்கொள்கிறது? பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்பே தின்று புளிப்பாக மாற்றிவிடுகின்றன. மிஞ்சியதை வெட்டும் நொதியையும் தங்கள் உடம்புக்குள் சுமந்துகொண்டு நம் குடலுக்கு வருகின்றன. கடையில் விற்கும் யோகர்ட்டில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவுக்கோ குளுக்கோஸைவிட லாக்டோஸே அதிகம் பிடிக்கும். பாலிலேயே வாழ்ந்து பழகிய குடும்பம் ஆயிற்றே! ஈ.கோலைக்கு இரண்டாம் பந்தி, இதற்கு முதல் பந்தி.

ஆகவே நாம் செய்யத்தக்கவை இவை. வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் பால் கொடுப்பதற்குப் பதிலாக, பசியாறிய பிறகு அரைக் கிளாஸ் கொடுத்துப் பாருங்கள். பலருக்கு அந்த அளவு தொந்தரவு தருவதில்லை. சிறிது சிறிதாகத் தினமும் கொடுத்துவந்தால், நொதி கூடாவிட்டாலும் பெருங்குடலின் பாக்டீரியாக் கூட்டம் மாறிக்கொண்டு தொல்லை குறைவதுண்டு. தயிர், மோர் தாராளமாகக் கொடுங்கள். தயிரைக் கொதிக்க வைத்தால் பாக்டீரியாக்கள் செத்துவிடும். ஆகவே சோற்றில் அப்படியே பிசைந்து கொடுப்பதே நல்லது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து நெத்திலியிலும் முருங்கைக்கீரையிலும் உண்டு. இனிப்பான டின் பால் பாலுக்கு மாற்று ஆகாது. அதில் பெரும்பகுதி சீனிதான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை இந்தக் காரணம் சொல்லி நிறுத்தவே கூடாது. தாய்ப்பாலில் பசும்பாலைவிட லாக்டோஸ் கூடுதல். அதைச் செரிக்கும் நொதியோடுதான் குழந்தை பிறக்கிறது. பால் குடித்ததும் உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது வேறு கோளாறு. மலத்தில் இரத்தம், காய்ச்சல், எடை குறைதல் இருந்தாலும் தாமதிக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

மற்றப்படி, "வயிறு வலிக்கிறதம்மா" என்று பிள்ளை சொன்னால் பிரம்பைத் தேடாதீர்கள். எப்போது வலிக்கிறது, எவ்வளவு குடித்தாய், என்ன சாப்பிட்டிருந்தாய் என்று பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். சின்னஞ்சிறு பாக்டீரியாவின் சிறு இடைவெளியை ஒருவர் பொறுமையாகக் கவனித்ததால்தான் உலகத்துக்கு இவ்வளவு விளங்கியது. நம் பிள்ளைகளையும் அதே பொறுமையோடு கவனிப்போமே.

அடுத்த இதழில் சந்திப்போம்.