எழுபது வளைவுகளும் நம் வீட்டு வாசற்படியும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 2024 ஏப்ரல் இறுதியில் அவ்வழியே ஏறிச் சென்று, சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்க நின்றோம். மிளகை அளந்து கொடுத்த மூதாட்டியின் இடக்கை விரலில் தேர்தல் மை இன்னும் அழியாதிருந்தது. எவ்வளவு தூரம் நடந்து போய் வாக்களித்தீர்கள் அம்மா, என்று வினவினோம். அவர் தூரத்தைச் சொல்லவில்லை, “நீங்க போட்டீங்களா?” என்று திருப்பிக் கேட்டார். நம்முடன் வந்திருந்த நால்வரில் இருவர் விரலை மடக்கிக் கொண்டனர்.

அந்த மடங்கிய விரல்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

கொல்லிமலை, பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. தமிழகத்தின் 234 தொகுதிகளில் இவ்வாறு ஒதுக்கப்பட்டவை சேந்தமங்கலமும் ஏற்காடும் ஆகிய இரண்டே. வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து, சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் மலையாளி மக்கள் வாழ்கின்றனர். தொகுதி ஒதுக்கப்பட்டதாயினும், வாக்களிப்போரில் சமவெளியினரும் உளர். மலைமக்கள் வீட்டிலிருந்து விட்டால், வேட்பாளர் அவர்தம் இனத்தவராயினும் அவரைத் தேர்ந்தெடுப்போர் பிறராகி விடுவர். ஒதுக்கீடு நாற்காலியைத் தரும். அதில் யாரை அமர்த்துவதென்று தீர்மானிப்பது வாக்குச்சாவடி வரை நடந்து செல்லும் கால்களே அன்றோ!

2024 மக்களவைத் தேர்தலில், சேந்தமங்கலத்தை உள்ளடக்கிய நாமக்கல் தொகுதியில் 78 விழுக்காட்டினர் வாக்களித்தனர். இப்பெருமை மலைக்கு மட்டும் உரியதன்று. இராசிபுரமும் திருச்செங்கோடும் சங்ககிரியும் அதில் பங்குடையவை. அதே நாளில் மத்திய சென்னையில் பதிவானது 54 விழுக்காட்டிற்கும் சற்றுக் குறைவு. மாநிலத்திலேயே கடைசி இடம்! நம்மவர் செறிந்து வாழும் திருவல்லிக்கேணியும், மண்ணடியைத் தன்னுள் கொண்ட துறைமுகமும், ஆயிரம் விளக்கும் அத்தொகுதியில்தான் அடங்கும். வராதவர் யார் எவரென்று வாக்குப்பதிவு இயந்திரம் சமயவாரியாகப் பிரித்துச் சொல்வதில்லை. ஆயினும் நம் தெருவில் யார் போனார், யார் போகவில்லை என்பது நமக்குத் தெரியாதா?

அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாள் என்றனர் சிலர். வாக்குப்பதிவு காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை நடந்தது. பதினொரு மணி நேரத்தில் ஜும்ஆவுக்குப் போக எஞ்சிய நேரமெல்லாம் எங்கே போயிற்று? தொழுகையைச் சாக்காக்குவோரிடம் நமக்குச் சினமே மிகுகிறது.

“ஒரு வோட்டால் என்ன ஆகிவிடும்?” என்பது மற்றொரு வாதம். 2016இல் இராதாபுரத்தில் வெற்றி தோல்வியைப் பிரித்தவை 49 வாக்குகள். 2021இல் தியாகராய நகரில் 137. ஒரு நிக்காஹ் விருந்தில் முதற்பந்தியில் அமர்வோரின் தொகை இது! அத்தியாகராய நகர் அடங்கிய சென்னை மாவட்டமே அவ்வாண்டும் வாக்குப்பதிவில் மாநிலத்தின் கடைக்கோடியில் நின்றது.

முன்னொரு காலத்தில் நமக்குத் தனித்தொகுதி இருந்தது. 1909 முதல் முஸ்லிம்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தனர். அதிலும் சொத்தும் வரியும் படிப்பும் உடையோர்க்கே வாக்கு. அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் தனித்தொகுதிக்காக வாதாடினார், சபை ஏற்கவில்லை. அவர் முகம் திருப்பிக்கொண்டு வீட்டில் அமர்ந்தாரா? கூட்டுத் தொகுதியிலேயே நின்று 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மஞ்சேரியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். ஆணும் பெண்ணும், ஏழையும் செல்வரும் ஒரே பட்டியலில் நிற்கும் முறை வந்த பின், அப்பட்டியலுக்கு வெளியே நமக்கு ஏது எடை?

பட்டியல் என்றதும் நம் தாய்மார்களின் நினைவு வருகிறது. 1951-52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலின்போது, ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் எழுதுவித்ததால் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் வடமாநிலத்தவர் என்று நாம் ஆறுதல் கொள்ள வேண்டா. நம் வீடுகளில் பெயர் சொல்லக் கூச்சம் போய்விட்டது. ஆனால் ஓர் அட்டையில் பாத்திமா, மற்றோர் அட்டையில் பாத்திமா பீவி, மூன்றாவதில் கணவர் பெயரே பிழை. துப்பட்டி அணிந்து வரும் பெண்களை அடையாளம் காணப் பெண் அலுவலரை அமர்த்தச் சட்டம் வழி செய்திருக்கிறது. பெயர்ப் பிழையைத் திருத்தி வைக்க வேண்டியவர் வீட்டு ஆண்களும் பெண்களுமே. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்குப் பின் டிசம்பரில் வெளியான தமிழக வரைவுப் பட்டியலில் 90 இலட்சத்திற்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோரும் இடம் பெயர்ந்தோரும் அவற்றுள் மிகப் பலர் என்றது ஆணையம். இருக்கட்டும். உயிரோடு அதே தெருவில் இருப்பவர் தம் பெயர் உள்ளதா என்று தேடிப் பார்த்தாரா என்பதே நம் கேள்வி.

சபராளிகளின் நிலை வேறு. வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்கள் பெயர் பதியலாம். ஆனால் வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டும். துபாயிலும் தம்மாமிலும் உழைப்பவரை நாம் குறை கூற மாட்டோம். அவர் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடி வீட்டில், தேர்தல் விடுமுறையன்று உறங்கும் தம்பியைத்தான் கூறுகிறோம். 1989இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது இவருக்காகவே!

நம் ஜமாஅத்துகளில் நிக்காஹ் பதிவேடு உண்டு. மையித்துப் பதிவேடு உண்டு. சந்தா தராதவர் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் கணக்கர் உண்டு. அந்தக் கணக்கரிடமே மஹல்லாவின் வாக்காளர் பட்டியலையும் ஒப்படைப்போம். பதினெட்டு நிறைந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6, வீடு மாறியோருக்கும் பிழை திருத்துவோருக்கும் படிவம் 8. எவருக்கு வாக்களிப்பது என்று ஜமாஅத் ஒரு சொல்லும் சொல்ல வேண்டா. அது அவரவர் நெஞ்சுக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மக்கள் கலையுமுன், பள்ளி வாசலில் ஒரு மேசையைப் போட்டு அந்தப் பட்டியலை விரித்து வைக்கட்டும்.