ஒடியாக்காரரை ‘இந்திக்காரர்’ என்று அழைக்கலாமா?

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டுகிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்களில் சிலர் வெளி மாநிலத்துக்காரர்கள்.

அவர்களைத் தெருவில் எல்லோரும் ‘இந்திக்காரப் பையன்கள்’ என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

ஒரு நாள் மாலையில், அவர்களில் ஒரு வாலிபர் நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிக் கொண்டு இருந்தார். என் பேத்தி எட்டிப் பார்த்தாள்.

“தாத்தா! இது இந்தி இல்லை. இந்திக்கு மேலே கோடு போடுவார்கள். இது ஜிலேபி மாதிரி இருக்கிறது!” என்றாள்.

வாலிபர் சிரித்தார். “ஒடியா” என்றார். அவருடைய ஊர், ஒடிசா மாநிலத்தில் கஞ்சம் மாவட்டம்.

மறுநாள் எதிர் வீட்டு அம்மாள் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய மகள் ஜார்ஜியா நாட்டில் டாக்டருக்குப் படிக்கிறாள். அங்குள்ள கடைப் பலகையைப் படம் பிடித்து அனுப்பி இருந்தாள்.

“இதுவும் ஜிலேபி எழுத்து! இரண்டும் ஒரே மொழியா, தாத்தா?” என்று கேட்டாள் பேத்தி.

நல்ல கேள்வி! அதற்குப் பதில் தேடியபோதுதான், என் தவறு எனக்குப் புரிந்தது.

உருவம் ஒன்று, உறவு இல்லை

ஒடியா எழுத்து ஏன் வட்டமாக இருக்கிறது? பனை ஓலைதான் காரணம் என்கிறார்கள் அறிஞர்கள். ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழிந்து விடும். ஆகவே, தலைக்கோடு குடை போல வளைந்து விட்டது.

நம் முன்னோர்களும் ஓலையில் எழுதியவர்கள்தான். அடையாறு பக்கம், பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல் நிலையத்தில் அந்தச் சுவடிகள் இருக்கின்றன.

ஜார்ஜியா, ரஷியாவுக்குத் தெற்கே, கருங்கடல் ஓரத்தில் உள்ள சிறிய நாடு. அங்கே பனை ஓலையில் எழுதும் வழக்கம் இல்லை. தோலிலும் கல்லிலும் எழுதினார்கள். அவர்களுடைய எழுத்துகள் மொத்தம் 33. அதில் செதுக்கிய கல்வெட்டுகள் 5-ம் நூற்றாண்டிலேயே உண்டு.

இரண்டு எழுத்தும் வட்டம்தான். ஆனால் சொந்தம் இல்லை. ஒடியா, வங்காளிக்கும் இந்திக்கும் உறவு மொழி. ஜார்ஜிய மொழியோ, அண்டை நாடான ரஷியாவின் மொழிக்குக் கூட உறவு அல்ல. அந்தப் பக்கத்தில் உள்ள மூன்று சிறிய மொழிகள்தான் அதன் சொந்தக்காரர்கள்.

மாமா யார்?

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நமக்கு மாமா என்றால் அம்மாவின் தம்பி அல்லது அண்ணன். ஒடியாவிலும் அவர் ‘மாமு’தான். ஜார்ஜியாவில் ‘மாமா’ என்றால் அப்பா! அம்மாவுக்கு அங்கே ‘தேதா’ என்று பெயர்.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு மொழிகளும் ஒன்று. ஒடியாவில் ‘அவன்’ என்றாலும் ‘சே’, ‘அவள்’ என்றாலும் ‘சே’. ஜார்ஜிய மொழியில் இரண்டுக்குமே ‘இஸ்’. இரண்டு மொழியிலும் வினைச்சொல்லில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது.

இந்தி அப்படி அல்ல. போகிறவர் ஆண் என்றால் ‘ஜாதா’, பெண் என்றால் ‘ஜாதி’. எனவே, ஒடியாக்காரரும் இந்தியைப் புதிதாகக் கற்றுக் கொள்ளத்தான் வேண்டும்.

போராடிக் காத்த மொழிகள்

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இரண்டுமே, பெரிய மொழியின் நிழலில் நின்று தப்பிப் பிழைத்தவை.

1870-ல் காந்திசந்திர பட்டாச்சார்யா என்ற வங்காள ஆசிரியர், ‘ஒடியா தனி மொழி அல்ல’ என்று புத்தகமே எழுதினார். பள்ளிக்கூடத்தில் ஒடியா வேண்டாம், வங்காளி போதும் என்ற வாதம் கிளம்பியது. ஒடியா மக்கள் பொங்கி எழுந்தார்கள். பக்கீர் மோகன் சேனாபதி அச்சகம் நடத்தினார்; ஒடியாவில் பாட நூல்கள் எழுதினார்.

1936 ஏப்ரல் 1-ந் தேதி ஒடிசா தனி மாகாணம் ஆயிற்று. அதுவரை கஞ்சம், நம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது!

ஜார்ஜியா அப்போது சோவியத் ரஷியாவின் ஆட்சியில் இருந்தது. 1978-ல், ஜார்ஜிய மொழியின் ஆட்சிமொழி அந்தஸ்தை எடுத்து விடப் பார்த்தார்கள். ஏப்ரல் 14-ந் தேதி, தலைநகர் திபிலிசியில் மாணவர்கள் தெருவில் திரண்டார்கள். அரசு பணிந்தது. அந்த நாள் இன்று அங்கே தாய்மொழி நாள்.

இந்த உணர்ச்சி மயிலாப்பூருக்கும் புதிது அல்ல. தெலுங்கு மக்களுக்குத் தனி மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு, 1952 டிசம்பர் 15-ந் தேதி உயிர் நீத்தது மயிலாப்பூரில்தான்.

நாம் செய்வது நியாயமா?

வடக்கே போனால் நம்மை ‘மதராசி’ என்கிறார்கள். நமக்குக் கோபம் வருகிறது. “நான் தமிழன்” என்கிறோம். அப்படி என்றால், ஒடியாக்காரரை நாம் ‘இந்திக்காரர்’ என்பது மட்டும் நியாயமா?

“அவர்களே இந்திதானே பேசுகிறார்கள்?” என்று சிலர் கேட்கலாம். பம்பாயில் பிழைக்கும் தமிழரும் இந்தி பேசுகிறார். அதனால் அவர் தமிழர் அல்ல என்று ஆகி விடுமா?

இது வெறும் பெயர்த் தகராறு அல்ல. சாரத்தில் இருந்து விழுந்த தொழிலாளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்கிறோம். ‘இந்தி தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்’ என்கிறோம். எங்கே வலிக்கிறது என்பதை, வலியில் துடிக்கிறவர் தாய்மொழியில்தானே சொல்வார்? அது இன்ன மொழி என்று தெரிந்திருந்தால், உடன் வேலை செய்யும் ஊர்க்காரரையே அழைத்து வரலாம். ஒரு உயிர் பிழைக்கக் கூடும்.

ஒடியா அநாதை மொழி அல்ல. 2011 கணக்குப்படி, அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 3¾ கோடிப் பேர். தமிழுக்கு 2004-ல் செம்மொழிச் சிறப்பு கிடைத்தது. ஒடியாவுக்கு 2014-ல் கிடைத்தது.

ஆகவே, உங்கள் தெருவில் வேலை செய்கிறவரிடம் முதலில் பெயரைக் கேளுங்கள். பிறகு ஊரையும், தாய்மொழியையும் கேளுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அன்று மாலை என் பேத்தி அந்த வாலிபரிடம் போய், “கேமிதி அச்சந்தி?” என்றாள். ஒடியாவில், ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று அர்த்தம்.

அவர் தலையில் இருந்த செங்கல்லை இறக்கி வைத்தார். “நல்லா இருக்கேன், பாப்பா” என்றார், தமிழில்!