துடைப்பம் யார் கையில்?

புராஜெக்ட் செய்து படித்தால் பிள்ளைக்கு விஞ்ஞானம் மண்டையில் ஏறும். பேச, கேள்வி கேட்க, கூடி வேலை செய்ய வரும் என்கிறார்கள். 'மென்திறன்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். நல்லது. நான் இதற்கு எதிரி இல்லை. என் கேள்வி வேறு: குழுவில் பேசுவது யார், பெருக்குவது யார்?

2012-13இல் தமிழகத்தில் முப்பருவ முறை வந்தபோது, 8ஆம் வகுப்பு வரை 100க்கு 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்குப் போனது. செயல்திட்டமும் அதில் அடக்கம். நான் பார்த்த பள்ளிகளில் நடந்தது என்ன? சார்ட்டு, தெர்மாகோல், கடையில் விற்கிற படம். கூலிக்குப் போகிற ஆத்தா அந்தக் காசுக்கு எங்கே போவாள்? குழு பிரித்தால் மேலத்தெருப் பையன் தலைவன். அவன்தான் முன்னால் நின்று விளக்குவான். நம்ம பிள்ளை மேசை துடைக்கும், குப்பை அள்ளும். கடைசியில் 'இதுக்குப் பேச்சே வரலை' என்று மார்க் குறையும். தலைமுறை தலைமுறையாய் வாய்பொத்தி நிற்க வைத்தவர்கள், இன்று வாய் திறக்கவில்லை என்று மார்க் குறைக்கிறார்கள்!

வழி இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானத் திட்டம் தொடங்கியது. நாலு நாலு பேராய் உட்கார்ந்து, எளிய சாமான்களை வைத்துப் பிள்ளைகளே சோதனை செய்தார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். பிறகு நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. 2002இல் மாநில அரசே அதை மூடியது.

விஞ்ஞானம் கடையிலா கிடக்கிறது? பறையை ஏன் தீயில் காய்ச்சுகிறோம்? ஈரம் வற்றித் தோல் இறுகும். இறுகினால் ஓசை ஏறும். சுண்ணாம்பில் ஊறிய தோலில் மயிர் ஏன் கழல்கிறது? ஆவாரம்பட்டைச் சாறு ஏறிய தோல் ஏன் அழுகுவதில்லை? இதெல்லாம் சேரி அறிந்த வேதியியல். ஆனால் இதை நம்ம பிள்ளைக்கு மட்டும் ஒதுக்கினால், 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்விதான் புதுப்பெயரில் திரும்பி வரும். மேலத்தெருப் பிள்ளையும் அந்தத் தோலைத் தொட்டு, முகர்ந்து பார்த்து எழுதட்டும்.

சாமானைப் பள்ளி கொடுக்கட்டும். வேலை பள்ளி நேரத்துக்குள் முடியட்டும். தலைமை தாங்குவது, எழுதுவது, விளக்குவது, துடைப்பது எல்லாம் முறைவைத்துச் சுற்றி வரட்டும். கூடி வேலை செய்வது தொட்டுப் பழகுவதில்தான் தொடங்குகிறது.

தோழர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேளுங்கள்: இந்த வாரம் துடைப்பம் யார் கையில்?