கடலுக்குள் ஒரு கடிகாரம்

'கடல் தண்ணீரில் கதிரியக்கம்' என்றதும் கூடங்குளம் பக்கம் திரும்பி முறைப்பது நம் வழக்கம். கொஞ்சம் பொறுங்கள். தூத்துக்குடியில் ஒரு லிட்டர் கடல் நீர் மொண்டால் அதில் விநாடிக்குச் சுமார் 12 பொட்டாசியம்-40 அணுக்கள் உடைந்துகொண்டிருக்கும். பாண்டியர்கள் கொற்கையில் முத்து எண்ணிய காலத்திலும் இதே கதைதான். யுரேனியமும் உண்டு, லிட்டருக்கு 3.3 மைக்ரோகிராம். உடனே குடத்தோடு கிளம்பாதீர்கள். ஜப்பான்காரர்கள் 350 கிலோ விசேஷத் துணியை மொத்தம் 240 நாள் கடலில் ஊறப்போட்டார்கள். கிடைத்தது ஒரு கிலோ சொச்சம்.

எனக்கு சுவாரஸ்யமாகப் படுவது ரேடியம். திறந்த கடலில் ரேடியம்-226 லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லி பெக்கரல்தான். அதாவது, ஒரு லிட்டர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எட்டிலிருந்து பதினேழு நிமிஷத்துக்கு ஓர் அணு உடையும். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல. இதை எப்படி அளப்பது?

ஸ்வெட்டர் பின்னுகிறோமே, அந்த அக்ரிலிக் இழையைச் சூடான பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். இழை கன்னங்கரேலென்று சாமியார் தாடி மாதிரி ஆகிவிடும். அதன் மேல் படிவது மாங்கனீஸ் டை ஆக்ஸைடு. (பழைய டார்ச் செல்லை உடைத்துக் கை கறுத்தவர்களுக்கு இது பரிச்சயம்.) படகில் போய், கேன் கேனாகக் கடல் நீர் மொண்டு, நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் வேகத்தில் தாடி வழியே விடவேண்டும். உப்பு ஓடிவிடும், ரேடியம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். 1970-களில் இந்த முறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் வில்லர்ட் மூர்.

அடுத்ததுதான் அழகு. ஈரத்தைப் பிழிந்த தாடியின் வழியே ஹீலியம் வாயுவை ஊதுகிறார்கள். ரேடியம் உடைந்து பிறக்கும் ரேடான் வாயு அதோடு போய், துத்தநாக சல்ஃபைடு பூசிய குப்பிக்குள் மின்மினி போல் ஒளிர்ந்து உடையும். ஒரு மினுக்கலுக்குப் பின் சில மில்லி செகண்டில் இன்னொன்று வந்தால் அது ரேடியம்-223-ன் வம்சம். நூறு இருநூறு மில்லி செகண்ட் தாமதித்து வந்தால் 224. இரண்டாவது மினுக்கலின் தாமதத்தை வைத்தே குலம் கோத்திரம் சொல்லிவிடுகிறது மெஷின்.

எதற்கு இத்தனை பாடு? புன்னைக்காயல் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார், "தம்பி, இங்ஙன கடலுக்கு அடியிலேர்ந்தே நல்ல தண்ணி ஊறும்லா."

"எவ்வளவு ஊறுதுன்னு எப்படி அண்ணாச்சி தெரியும்?"

"அளக்கவா செய்வாவ? கால வச்சா சில்லுன்னு தெரியும்."

அந்தக் காலின் வேலையைத்தான் ரேடியம் செய்கிறது. நல்ல தண்ணீரில் அது மண்துகளை விட்டு இறங்காது. உப்பு பட்டதும் கரைந்து வந்துவிடும். ஆகவே கரையோரக் கடலில் ரேடியம் கூடியிருந்தால், ஆறு கொண்டுவந்ததுபோக மிச்சத்துக்கு நிலத்தடி நீரைச் சந்தேகிக்கலாம். 1996-ல் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் மூர் போட்ட கணக்கில், ஆறுகள் கொட்டும் தண்ணீரில் சுமார் 40 சதவிகிதத்துக்குச் சமமான அளவு அடிவழியாகவே கடலில் கலந்தது. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரிக்காரர்கள் ரேடான், ரேடியம் இரண்டையும் வைத்து இதே விசாரணையைச் செய்தார்கள். 2021-ல் கட்டுரை வந்தது.

கரையோரக் கிராமங்களில் இது வெறும் கட்டுரை சமாசாரமில்லை. நிலத்தடி நல்ல தண்ணீர் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் வரைதான் கிணறு இனிக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் கடல் உள்ளே வந்துவிடும், அப்புறம் லாரித் தண்ணீர்தான். இன்னொன்று, வாழைத் தோட்டத்துக்குப் போட்ட யூரியாவின் மிச்சமும் இதே வழியில் கடலுக்குப் போகிறது. முத்துச்சிப்பிப் பார்கள் இருக்கும் கடல் அது. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதற்கு யூரியாதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கணக்கு தெரிந்தால் நல்லது என்கிறேன்.

ரேடியம் 226-க்கு அரை ஆயுள் 1,600 வருஷம், 224-க்கு மூன்றே முக்கால் நாள்கூட இல்லை. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் தண்ணீர் கரையை விட்டு எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடலாம். ஒரே தொல்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாடியைப் பிழிந்து வைத்துவிட்டு, திங்களும் லீவு போட்டு, செவ்வாய் காலை ஆபீஸ் வந்தால் 224-ல் ஏறக்குறைய பாதி காலி.