கை கொடுக்கும் ரோபோவை யார் தேர்ந்தெடுப்பது?

பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர்களுக்கு ரோபோ கையின் துணையோடு பயிற்சி அளிக்கும் ஆய்வு ஒன்றை எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவு தொடங்கவிருக்கிறது. கருவியைத் தேர்ந்தெடுக்கும் பணி சில மாதங்களாக நடந்துவருகிறது. பயிற்சிக் கூடத்துக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் எங்களைக் காணும்போதெல்லாம், "எது நல்ல மிஷின், டாக்டர்?" என்று கேட்கிறார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். யாருடைய கைக்கு நல்லது என்று கேட்டிருக்க வேண்டும் என்பது பிறகே விளங்கியது.

தொழிற்சாலைகளில் வழக்கமான ரோபோக்கள் வேலிக்குள் அடைபட்டு வேலை செய்கின்றன. மனிதர் உள்ளே நுழைந்தால் அவை நின்றுவிட வேண்டும். மனிதருக்கு அருகிலேயே நின்று உடனுழைக்கும் வகையை 'கோபாட்' என்று அழைக்கிறார்கள். 1990களில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கோல்கேட், பெஷ்கின் ஆகியோரின் ஆய்வில் பிறந்த பெயர் அது. இன்று இவ்வகைக் கைகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. எங்கள் மேசைக்கு வந்தவை மூன்று: டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ் யுஆர்5இ, ஜெர்மனியின் பிராங்கா, அதே நாட்டின் கூக்கா நிறுவனம் மருத்துவக் கருவிகளில் இணைப்பதற்கெனவே தயாரிக்கும் எல்பிஆர் மெட்.

விற்பனையாளர்கள் முதலில் காட்டுவது துல்லியத்தை. ஒரே புள்ளிக்குத் திரும்பத் திரும்பச் செல்லும்போது யுஆர்5இ விலகும் அளவு 0.03 மில்லிமீட்டர் மட்டுமே. வியப்புக்குரியதுதான். ஆனால் தட்டிலிருந்து வாய்க்குச் சோற்றுக் கவளத்தைக் கொண்டுசெல்லப் பழகுபவருக்கு அந்த நுட்பத்தால் பயன் ஏதுமில்லை. எங்களுக்கு வேண்டியது, நோயாளியின் கை சற்றே தானாக முயலும்போது அதை உணர்ந்து விட்டுக்கொடுக்கும் கருவி. பிராங்காவிலும் எல்பிஆர் மெட்டிலும் ஏழு மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் முறுக்குவிசையை உணரும் உணரி இருக்கிறது. யுஆர்5இ-யில் ஆறு மூட்டுகள். விசை உணரி மணிக்கட்டு முனையில் அமைந்துள்ளது.

அடுத்தது சுமை. மனிதக் கை ஒன்றின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 3 கிலோ. பிராங்கா சுமக்கக்கூடியதும் 3 கிலோதான். தோளும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் என்பது உண்மை. எனினும் கையைத் தாங்கும் பட்டையின் எடையும், இறுகிப்போன தசை எதிர்த்து இழுக்கும் விசையும் சேரும்போது அந்தக் கணக்கு இடிக்கிறது.

இவை எல்லாம் எண்களைப் பார்த்தே தீர்க்கக்கூடியவை. எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்தது 'பாதுகாப்பானது' என்ற சொல்.

கோபாட்டுகளின் பாதுகாப்பு குறித்துப் பன்னாட்டுத் தர நிறுவனம் 2016-ல் ஓர் ஆவணம் வெளியிட்டது. உடலின் எந்தப் பகுதியை எவ்வளவு அழுத்தத்தோடு ரோபோ தொடலாம் என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள 100 பேரின் உடலில் 29 இடங்களை அழுத்தி, வலி தொடங்கும் எல்லையைக் கண்டறிந்ததன் அடிப்படையில் அமைந்தது அது. தொழிலாளர்களுக்கு அது முறையான பாதுகாப்பே. வலித்தால் அவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். எங்கள் நோயாளியோ பல நேரங்களில் வலியையே உணராதவர்; உணர்ந்தாலும் இழுத்துக்கொள்ள இயலாதவர்; பேச்சும் பாதிக்கப்பட்டிருந்தால் சொல்லவும் இயலாதவர். தளர்ந்த தோள்மூட்டு குழியிலிருந்து சற்றே இறங்கியிருக்கும் நிலையில், நலமுள்ளவர் பொருட்படுத்தாத ஓர் இழுப்பே அவருக்குப் பல வார வலியைத் தரக்கூடும். ஆகவே பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புச் சான்று உங்கள் தந்தைக்கோ மனைவிக்கோ அப்படியே பொருந்தும் என்று எவரேனும் கூறினால், நாங்களே கூறினாலும், நம்பிவிட வேண்டாம்.

மற்றொன்று மின்தடை. மின்சாரம் நின்றதும் இக்கைகள் விழுந்துவிடாதபடி மூட்டுகளின் பிரேக்குகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். தொழிற்சாலைக்கு அது நல்ல ஏற்பாடு. அந்தக் கையோடு பட்டையால் பிணைக்கப்பட்டு, தோள் உயரத்துக்குக் கையை உயர்த்திய நிலையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு? ஜெனரேட்டர் இயங்கிய பின்னும் கருவி முறைப்படி மீண்டும் தொடங்கச் சிறிது நேரமாகும். அதனால் ஒரே இழுப்பில் விடுபடும் இணைப்பு இல்லாமல் எந்தக் கருவியையும் ஏற்பதில்லை என்று முடிவு செய்தோம்.

இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 2019-ல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வில் 770 பேர் பங்கேற்றனர். அதில் பயன்பட்டது வேறு வகை ரோபோ. வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்திறனை ரோபோ பயிற்சி மேம்படுத்தவில்லை என்பதே அதன் முடிவு. ஆகையால் ரோபோ வந்தால் கை எழுந்துவிடும் என்று நாங்கள் வாக்களிக்க மாட்டோம். வேறெவர் வாக்களித்தாலும் அதை ஐயத்தோடு கேளுங்கள். சலிப்பின்றி நூறு முறை ஒரே அசைவைச் செய்விப்பதும், நோயாளியின் சொந்த முயற்சி வாரந்தோறும் எவ்வளவு கூடுகிறது என்று அளந்து சொல்வதும் அதனால் முடியும். இயன்முறை மருத்துவரின் நேரத்தை அதனால் மிச்சப்படுத்த முடியுமா என்பதே எங்கள் ஆய்வின் கேள்வி. இல்லை என்ற விடை வந்தாலும் அதையும் இவ்விதழில் எழுதுவோம்.

விலை அதிகமானாலும் மருத்துவச் சான்றுள்ள கருவியின் பக்கமே இப்போது சாய்ந்திருக்கிறோம். பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார், உதிரிப் பாகம் எங்கிருந்து வரும் என்பதற்கு எழுத்துப்பூர்வமான உறுதி கிடைத்த பின்னரே கையெழுத்து. கேட்பதற்கு எளியது, பெறுவதற்கு மூன்று கடிதங்கள் எழுதியாகிவிட்டது.

தேர்வுக் குழுவில் மருத்துவர்களும் பொறியாளர்களும் மட்டும் இருப்பது போதாது என்று நாங்கள் கருதக் காரணம் ஒரு பிற்பகல் நிகழ்ச்சி. செய்முறை விளக்கத்துக்காக ஒரு கருவியை வார்டுக்கு அருகில் நிறுத்தியிருந்தோம். வலப்பக்கம் செயலிழந்த கணவரோடு வந்திருந்த அம்மையார் ஒருவர் கருவியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவசர நிறுத்தத்துக்கான சிவப்புப் பொத்தானைக் காட்டி, "இது இவருக்கு வலது பக்கம் இருக்கிறதே, எந்தக் கையால் அழுத்துவார்?" என்று கேட்டார். எங்களுள் ஐந்து பேர் அங்கே நின்றிருந்தோம். எவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

இப்போது விவரக்குறிப்பில் இரண்டு பொத்தான்கள் சேர்க்கப்பட்டுள்ளன: ஒன்று நோயாளியின் நலமான கைக்கு எட்டும்படி இடம் மாற்றி வைக்கக்கூடியது, மற்றொன்று உடனிருப்பவர் அமரும் நாற்காலிக்கு அருகில். அடுத்த செய்முறை விளக்கம் நடக்கும் நாளைப் பயிற்சிக் கூட வாயிலில் எழுதி வைப்போம். அன்று வருபவர்கள் கருவியைத் தொட்டுப் பார்க்கலாம், தங்கள் கையை அதில் பொருத்திப் பார்க்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். வேண்டாம் என்பவர்களின் வழக்கமான சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது.