பள்ளி வாயிலில் நிற்கும் பறை

தமிழ்ப்பள்ளி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வருகின்றார். வாயிலில் மலாய் இளைஞர் கொம்பாங் கொட்டி வரவேற்கின்றனர். மேடையில் சீனப் பள்ளி மாணவர் பெருமுரசு அறைகின்றனர். தமிழரின் பங்கு யாது? ஒலிப்பேழையில் நாதசுர இசை; போனால் போகிறதென்று ஒரு திரைப்பாடல் நடனம். பறையைச் சேர்க்கலாமே என்று இளம் ஆசிரியர் எவரேனும் வாய்திறந்தால், "அது சாவுக்கு அடிப்பதாயிற்றே!" என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடும். அவ்வாறு சொல்வோருள் தமிழ் கற்பிப்போரும் உளர் என்பதுதான் வேதனை.

அவ்வாசிரியரே மறுநாள் வகுப்பில் கருப்பொருள் நடத்துவார். தெய்வம், உணவு, விலங்கு என்று அடுக்கிப் பறைக்கும் வருவார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். மாணாக்கர் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுவர். ஏறு தழுவவும் நெல் அரியவும் மீன் பிடிக்கவும் ஒலித்த கருவி சாவுக்கு மட்டும் உரியதானது எப்போது என்று எந்த மாணாக்கனும் கேட்பதில்லை. கேட்கும்படி எவரும் கற்பிப்பதுமில்லை. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளிகள் இன்றும் அப்பொருளிலேயே அச்சொல்லை நாள்தோறும் வழங்குகின்றனர். தமிழனோ சொல்லை அகராதியில் வைத்தான். கருவியைச் சுடுகாட்டில் வைத்தான்.

தோலைத் தொடுவது இழிவு என்பாரின் வாதம் அதனினும் விந்தை. மிருதங்கத்தின் தோலும் வாரும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரியவையன்றி வேறென்ன? அதனைச் செய்து தரும் கைவினைஞருள் பலர் ஒடுக்கப்பட்ட குடியினர் என்பதைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூலாகவே எழுதினார். தவிலும் இருபுறம் தோல் போர்த்திய கருவிதான். தவில் கோயிலுக்குள் செல்கிறது. பறை வாயிலில் நிற்கிறது. இழிவு தோலில் இருந்தால் இரண்டுமே வெளியில் நிற்க வேண்டுமல்லவா? இழிவு கற்பிக்கப்பட்டது அடித்தவனின் பிறப்புக்கு. கருவி அவனோடு சேர்ந்து தண்டனை பெற்றது. இதனை வாய்விட்டுச் சொல்லக் கூசியே சாவின் பெயரைப் போர்வையாகப் போர்த்துகின்றனர். தைப்பூசத்தன்று உறுமி ஒலிக்க மெய்சிலிர்க்கும் பெற்றோர், மகன் பறை பயில விரும்பினால் முகம் சுளிப்பதும் இதனால்தான்.

இந்நோய் பிற நாட்டிலும் உண்டு. ஜப்பானியர் தாய்க்கோ எனும் பெருமுரசைத் திருவிழாதோறும் கொண்டாடினர். அதற்குத் தோல் பதனிட்ட புராக்கு மக்களைத் தீண்டத்தகாதோராய் ஒதுக்கினர். ஒசாக்கா நகரின் நனிவா பகுதியில், அவ்வாறு ஒதுக்கப்பட்ட குடியின் இளைஞர் 1987-இல் தாமே ஒரு முரசுக் குழு அமைத்தனர். முன்னோர் பிறருக்குச் செய்து கொடுத்த முரசைப் பிள்ளைகள் மேடையேறி அறைந்தனர். குழுவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'இக்காரி'. சினம் என்பது பொருள்.

அண்டை வீட்டாரையும் பார்க்கலாம். 1988-இல் ஜொகூர் பாருவில் தான் சாய் புவான் எனும் கவிஞரும் தான் ஹூய் சோங் எனும் இசைஞரும் 24 முரசுக் கலையைத் தோற்றுவித்தனர். சீனரின் உழவு நாட்காட்டியில் பருவங்கள் 24. முரசுக்கு ஒரு பருவத்தின் பெயர். சிங்க நடனத்துக்கு அடித்த பழைய முரசுதான் அது. பள்ளி மாணவர் கைக்கு வந்தது. 2009-இல் மலேசியாவின் தேசிய மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. கிளந்தான் உழவரோ மரத்தைக் குடைந்து எருமைத்தோல் போர்த்தி, மரமுளைகளை அறைந்து இறுக்கிய ரெபானா ஊபியை அறுவடைக் களிப்பில் முழக்குவர். உழவின் முரசு அவர்களுக்குப் பெருமை. ஐந்திணைப் பறையைப் பெற்ற தமிழனுக்கு மட்டும் வெட்கமா?

மதுரை வேலு ஆசானின் பறைக்கலைக்கு 2025-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. விருதைக் கண்டபின் மனம் மாறுவோரும் இருப்பர். மாறட்டும், தாமதமாகவேனும் மாறட்டும்.

பறை செய்வது எட்டாத வித்தையன்று. மரத்தில் வளைந்த துண்டுகள் மூன்றைச் செதுக்கி, உலோகத் தகடு வைத்து வட்டமாக இணைப்பர். பதனிட்ட தோலை அதன்மேல் இழுத்துக் கட்டுவர். புளியங்கொட்டைப் பசை கொண்டு ஒட்டுவது பழைய வழக்கம். தீயில் காட்டத் தோல் விறைத்து ஒலி எழும். செயற்கைத் தோலுக்குத் தீ வேண்டாம், மழையிலும் ஒலிக்கும் என்பர். உண்மைதான். எனினும் தீயைச் சுற்றி நின்று, தோலைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஒலி ஏறும் தருணத்தைக் காது தானே கண்டுகொள்ளும் பயிற்சி அதில் ஏது? வலக்கைக்கு அடிகுச்சி, பூவரசங்கட்டையில் செதுக்கியது, குட்டையானது, தடித்தது. இடக்கைக்குச் சிண்டுகுச்சி, மூங்கிலைச் சீவியது, நீண்டு மெலிந்தது. பூவரசு மலேசியக் கடலோரங்களில் தானாகவே வளர்கிறது. மூங்கிலுக்கோ பஞ்சமே இல்லை. கைவேலைப் பாடத்தின் இரண்டு வேளைகளில் ஒரு வகுப்பு முழுவதற்கும் குச்சிகள் ஆயத்தமாகிவிடும். அதற்கு எவருடைய சுற்றறிக்கைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியரின் ஒப்புதல் போதும்.