ஐந்து நிமிஷப் பிரயாணமும் இரண்டு விலையும்

மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்சுக்கும் இடையே 2015 ஜூலையில் ஒரு ரயில் விட்டார்கள். கடற்பாலத்தின் மீது ஐந்தே நிமிஷப் பிரயாணம். போவதற்கு 5 ரிங்கிட்டும், திரும்புவதற்கு 5 சிங்கப்பூர் டாலரும், அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கும், கட்டணமாக வைத்தார்கள். போகும்போது இருந்த தண்டவாளம் வரும்போது நீண்டுவிடுகின்றதா என்று கேட்கின்றோம்.

டாலர் சம்பாதிப்பவன் டாலர் கொடுக்கட்டுமே என்று சிலர் நியாயம் பேசலாம். சரி, சிங்கப்பூரிலுள்ள மகளைப் பார்த்துவிட்டு ஜொகூருக்குத் திரும்பும் கிழவி எந்த டாலரைச் சம்பாதித்தாள்?

1965-ல் சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்தபோது பாலம் ஓர் அங்குலமும் நகரவில்லை. எல்லை போட்டதும் மனிதன், விலை போட்டதும் மனிதன். கடவுள் டிக்கட்டு அச்சடிக்கவில்லை. ஆகவே, கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்பதற்குத் தலைவிதி எங்கே குறுக்கே வருகின்றது?